அதே தடிமனில் வேறொன்று

வரிசையை விட்டு ஒரு புத்தகம் மட்டும் ஒரு விரற்கடை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது.

ஊ பே டின் தேநீர்க் கோப்பையும் கையுமாக வாசலிலேயே நின்றுவிட்டார். அவருடைய நூலக அறையில் எந்தப் புத்தகமும் இப்படித் துருத்திக்கொண்டு நின்றதில்லை. தபால் இலாகாவில் கடிதக் கட்டுகளை மேசையில் தட்டித் தட்டி ஓரம் சேர்த்தே ஓய்வு பெற்ற கை அது. மனைவி போன பிறகு பெரிய அறையைப் புத்தகங்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத் தான் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிற மனிதர். படுக்கப் போகுமுன் உள்ளங்கையால் ஒவ்வொரு தட்டையும் தடவிச் சமன் செய்யாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

கிட்டே போய்ப் பார்த்தார். கறுப்புத் துணி அட்டை. இறந்துபோன நண்பர் கோ மௌங் லேயின் புத்தகம்.

என்னுடையது, என்று மனசுக்குள் அவசரமாகத் திருத்திக்கொண்டு உள்ளே தள்ளினார். அட்டையின் முதுகு ஈரமாக இருந்தது. ரங்கூனில் மழை பிடித்துக்கொண்டால் உப்பு ஜாடி முதல் உடுத்தியிருக்கும் லுங்கி வரை எல்லாமே ஈரம்தான். ஆனால் மற்ற புத்தகங்கள் உலர்ந்திருந்தன. அறையின் மூலையில், பித்தளைச் செம்பில், நேற்று சுடுகாட்டிலிருந்து ஒடித்து வந்த இலைக்கிளை நின்றது.

அந்தக் கிளை அவர் வீட்டுக்கு வந்திருக்கவே கூடாது. இறந்தவரின் உயிர் கிளையைப் பற்றிக்கொண்டு வீடு வந்து சேரும்; ஏழாம் நாள் பிக்குகள் வந்து புண்ணியம் பகிர்ந்து கொடுத்ததும் 'சாது', நன்று, என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடும். அது தங்கவேண்டியது அவரவர் வீட்டில். மௌங் லேயின் அக்கா மகள் மா ஏ ஏதான் கிளையைத் தூக்கிக்கொண்டு, கூடவே ரிக்‌ஷாவில் இரண்டு தகரப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு, நேராக இங்கே வந்து இறங்கினாள்.

"மாமாவுக்கு வீடுன்னா இதுதான் சயா. எங்க ரெண்டு ரூம்ல பாத்திரம் வைக்கவே இடமில்ல. நீங்க தினமும் வந்து படிச்சுக் காட்டலேன்னா, கண்ணு போன அன்னிக்கே அவரு போயிருப்பாரு. அவரு புத்தகமும் இங்கயே இருக்கட்டும். உங்களத் தவிர யாருக்கு அதோட அருமை தெரியும்?" படித்த பெரியவர்களை அவள் 'சயா', வாத்தியாரே, என்றுதான் அழைப்பாள்.

மயானத்திலிருந்து கூடவே வந்திருந்த ஊ சோ மின் வெற்றிலைப் பல்லைக் காட்டிச் சிரித்தார். மூன்று கிழவர்களும் சனிக்கிழமை தோறும் டீக்கடையில் உட்கார்ந்து, படித்த புத்தகத்தை வைத்துச் சண்டை போட்டே நண்பர்களானவர்கள்.

"வாங்கிக்கய்யா. அவன் அலமாரியப் பாத்து எத்தன நாளு எச்சில் விட்டிருப்ப. இப்பத் தானா வந்து மடியில விழுது, மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க?"

பெட்டிகளுக்குள் என்ன இருக்கிறது என்று பே டினுக்குத் தெரியும். அவற்றை நிரப்பியவரே அவர்தான்.

மௌங் லேக்குக் கண் போன பிறகு பிற்பகல்தோறும் பே டின் அவர் வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினார். குரல் கரகரக்க, உண்மையாகத்தான் படித்தார். ஆனால் கிளம்பும்போது ஒரு புத்தகத்தை உருவிச் சட்டைக்குள் விட்டு வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொள்வார். உருவிய சந்தில் பையிலிருந்து வேறொன்றைச் செருகுவார். பழைய டெலிபோன் டைரக்டரி, ரயில் கால அட்டவணை, பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகம், ஏதோ ஒன்று. அதே உயரம், அதே தடிமன், துணி ஒட்டிய முதுகு. அந்த ஜோடி சேர்க்கும் வித்தையில் அவர் படு கெட்டிக்காரர். மௌங் லேயின் தகப்பனார் காலத்துப் பதிப்புகள் நாளைக்கு வடை மடிக்கப் போய்விடுமே, நான் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொள்வார். சொல்லிக்கொள்ள வெட்கமாகவும் இல்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் மௌங் லே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, நகத்தால் புத்தக முதுகுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போவார். டக். டக். டக். "எல்லாரும் இருக்காங்களான்னு பாக்கறேன்" என்பார். ஒருநாள் அந்த நகம் ஒரு டைரக்டரியின் மேல் நின்றது. வெகுநேரம் நின்றது. பே டினுக்கு அக்குள் வியர்த்துவிட்டது. மௌங் லே பார்வையற்ற கண்களை அவர் பக்கம் திருப்பினார். பிறகு நகம் அடுத்த முதுகுக்கு நகர்ந்தது. கடைசியாக ஆஸ்பத்திரியில் பே டினின் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்குப் போனதும் எல்லாரையும் ஒரு தடவ தொட்டுப் பாக்கணும், கோ பே டின்" என்றார். வீடு திரும்பவில்லை. அன்று பே டின் அழுதார். அழுகைக்கு அடியில், அப்பாடா என்றும் இருந்தது.

அடுத்த நாள் காலையில் தட்டுக்கு ஒன்றாகப் புத்தகங்கள் நீட்டிக்கொண்டு நின்றன. மறுநாள் இன்னும் அதிகம். எல்லாம் மௌங் லேயுடையவை. மற்ற நூற்றுக்கணக்கான புத்தகங்களில் ஒன்றுகூட அசையவில்லை. உள்ளே தள்ளத் தள்ள விரலில் ஈரம் ஒட்டியது. அந்த ஈரத்தில் யூகலிப்டஸ் தைல வாசனை அடித்தது. மௌங் லே நெற்றியில் தேய்த்துக்கொள்ளும் தைலம்.

பிறகு சத்தம். மாலையில், கூரைத் தகரத்தில் மழை கொஞ்சம் ஓய்கிற இடைவெளியில், சாத்திய கதவுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. டக். டக். டக். பிறகு ஒரு நிதானம். பிறகு புத்தகம் ஒன்று தட்டில் உராய்ந்து முன்னுக்கு இழுபடும் ஓசை. கூடத்தில் உட்கார்ந்திருந்த பே டின் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். எலி என்றார். ஈரத்தில் மரம் உப்புகிறது என்றார். யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமலே உரக்கச் சொன்னார்.

ஐந்தாம் நாள் பயம் தாங்காமல் எல்லாவற்றையும் சாக்கில் கட்டி, மா ஏ ஏயிடம் கொடுத்துவிடலாம் என்று தெருமுனைவரை போனார். அங்கே ஒரு கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கி, சாக்கின் வாயைத் திறந்து பார்த்தார். கறுப்பு அட்டையைத் தடவினார். கொடுத்தால் இதெல்லாம் எப்படி வந்தது என்று அவள் கேட்பாள். சோ மின்னுக்குத் தெரிந்துபோகும். சனிக்கிழமை டீக்கடை முழுக்கத் தெரிந்துபோகும். அதைவிட, கொடுக்க மனசு வரவில்லை. அதுதான் நிஜம். இன்னும் இரண்டு நாள், பிக்குகள் வந்துவிட்டால் போய்விடுவான் என்று சாக்கைச் சுமந்துகொண்டு திரும்பி, மறுபடியும் தட்டுகளில் அடுக்கினார்.

ஏழாம் நாள் காலையில் பிக்குகள் வந்தார்கள். மௌங் லே அங்கேதான் இருப்பார் என்று மா ஏ ஏ பிடிவாதமாகச் சொன்னதால் நூலக அறையிலேயே பாய் விரித்தார்கள். அன்று விடியுமுன்பே எழுந்து, நீட்டிக்கொண்டிருந்த புத்தகங்களை பே டின் உள்ளே தள்ளியிருந்தார். ஓதினார்கள். கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாக நீர் வார்த்தார்கள். மணி அடித்தது. எல்லோரும் மூன்று முறை சாது சொன்னார்கள். மூன்றாவது ஓய்ந்ததும் பே டின் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார், பிந்தி வரும் ஒரு குரலுக்காக.

வரவில்லை.

"என்ன சயா, யாரத் தேடறீங்க?" என்றாள் மா ஏ ஏ.

"ஒண்ணுமில்லம்மா."

அவள் கிளையை எடுத்துப் போனாள். ஏழு நாளில் ஒரு இலைகூட வாடவில்லை. அவள் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

விருந்து முடிந்து எல்லோரும் போனார்கள். சோ மின் மட்டும் கூடத்தில் சம்மணம் போட்டு, மிஞ்சிய லப்பே ஊறல் தேயிலையை வறுத்த பூண்டோடு கொறித்துக்கொண்டு, மழை விடட்டும் என்று உட்கார்ந்திருந்தார். கூட ஆள் இருக்கும் தைரியத்தில், விளக்கு வைக்கும் நேரத்தில், பே டின் நூலக அறைக்குள் போனார். கதவு பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. காற்று.

மூலையில் திறக்காமலே போட்டிருந்த தகரப் பெட்டிகள் திறந்து கிடந்தன. உள்ளே ஒன்றும் இல்லை.

தட்டுகளைப் பார்த்தார். வரிசை சீராக இருந்தது. மிகவும் சீராக. கறுப்பு அட்டை இருந்த இடத்தில் டெலிபோன் டைரக்டரி. அதற்குக் கீழே ரயில் கால அட்டவணை. அவர் ஜோடி சேர்த்த அதே தடிமன்கள், ஒன்றுகூட இடம் மாறாமல். மௌங் லேயின் புத்தகம் ஒன்றையும் காணோம்.

மின்சாரம் போனது.

டக்.

கதவுப் பக்கத்திலிருந்து வந்தது. டக். டக். நெருங்கி வந்தது. தைல வாசனை. அவர் பின்வாங்கினார். கடைசி இரண்டு அலமாரிகளுக்கு நடுவே ஆள் ஒடுங்கும் ஒரு சந்து இருந்தது. அதற்குள் முதுகைக் கொடுத்து நுழைந்தார். மூச்சை அடக்கினார். புத்தகத்தைத்தானே தேடுகிறான். என்னையில்லை. என்னையில்லை.

டக். பக்கத்துத் தட்டு.

டக். அவர் நெற்றி.

நகம் குளிர்ந்திருந்தது. மூக்கில் இறங்கியது. உதட்டில். தொண்டைக் குழியில். பிறகு விட்டுவிட்டு அடுத்த அலமாரிக்குப் போனது. டக். டக். பே டின் அடக்கிய மூச்சை விட்டார். போய்விட்டது. போய்விட்டது.

நின்றது.

திரும்பி வந்தது.

"இது என்னோடது" என்றது மௌங் லேயின் குரல், சாந்தமாக.

இரண்டு கைகள் அவரைப் பற்றி உருவின. சத்தமே இல்லாமல் உருவின. அவர் விட்டு வந்த சந்துக்குள் வேறொன்று செருகப்படும் உரசல் கேட்டது.

"யோவ், கரண்டு போயிடுச்சு. உள்ள இருட்டுல என்னய்யா பண்ற?" சோ மின் கையில் மெழுகுவத்தியோடு கதவைத் திறந்தார்.

பே டின் கத்தப் பார்த்தார். வாய் திறக்கவில்லை.

"வரேன்யா. அடுக்கிக்கிட்டிருந்தேன்."

அவருடைய குரல். அவருடைய இருமல். சந்திலிருந்து வெளியே வந்து மெழுகுவத்தி வெளிச்சத்தில் நின்றது அவருடைய வழுக்கை, அவருடைய கண்ணாடி, அவருடைய அதே உயரம்.

"மூஞ்சி தெளிஞ்சிருக்கே இப்பத்தான்" என்றார் சோ மின், அதன் தோளில் கைபோட்டபடி. "வா, தேயிலை மிச்சமிருக்கு."

இருவரும் போனார்கள். கதவு மூடிக்கொண்டது. வெளிச்சக் கோடு அறுந்தது.

பே டின் அசையப் பார்த்தார். முடியவில்லை. ஈரச் சட்டை ஒன்று அவர்மேல் இறங்கி மூடியது. குளிர்ந்து விறைத்த ஒரு வயிற்றோடு அவர் இறுக்கி ஒட்டி வைக்கப்பட்டிருந்தார். அந்த வயிறு மூச்சு விடவில்லை. கூடத்திலிருந்து சோ மின் வாய்விட்டுச் சிரிப்பதும், கூடவே தன் குரல் சிரிப்பதும் கேட்டது. மெல்ல, வெளிச்சம் தேவைப்படாத கால்கள், அவரைச் சுமந்துகொண்டு நடக்கத் தொடங்கின.