திங்கட்கிழமை ரீடிங்

செவ்வாய்க்கிழமை. காலை ஏழு நாற்பது.

போன் அலறியது.

வாயில் பற்பசை நுரையோடு எடுத்தார் தண்ணி டாக்டர்.

அது அவர் பெயர் அல்ல. வீட்டு நீச்சல் குளங்களுக்கு வாரம் ஒரு முறை போய்த் தண்ணீரைச் சோதித்து, அமிலமோ உப்போ சேர்த்துச் சரி செய்துவிட்டு வருவது அவர் தொழில். பட்டம் சூட்டியவர் ஒரு வாடிக்கையாளர். ஓய்வுபெற்ற பேராசிரியர். மனைவியை இழந்தவர். கீழ்த்தளத்தில் அவர், மாடியில் அவர் தம்பி.

போனில் பேசியது அந்தத் தம்பி.

"டாக்டர்... அண்ணன் குளத்துல மிதக்கிறார்."

"இவ்வளவு சீக்கிரமே நீந்த இறங்கிட்டாரா?"

"மிதக்கிறார்னு சொன்னேன்."

நுரையை விழுங்கிவிட்டார் தண்ணி டாக்டர்.

நேற்று திங்கட்கிழமை. அந்த வீட்டுக்கு அவர் போகவேண்டிய நாள்.

அவர் போகவில்லை.

பெரிய காரணம் எதுவும் இல்லை. காய்ச்சல் இல்லை. வண்டி பழுதில்லை. மின்விசிறியின் கீழே படுத்திருந்தார். எழ மனமில்லை. அந்தக் குளம் மூன்று வருடமாக ஒரே சீராக இருக்கிறது. என்ன அளவு வரும் என்று அவருக்கு மனப்பாடம். படுத்தபடியே போனை எடுத்து, பேராசிரியர், தம்பி, அவர் என்று மூன்றே பேர் இருந்த குழுவில் தட்டிவிட்டார்.

'திங்கள், காலை 10.00. குளோரின் 2. பி.எச். 7.4. உப்பு 3200. எல்லாம் சரி. ஐயாவிடம் நேரில் சொல்லிவிட்டேன்.'

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. போகவே இல்லை என்பது ஐயாவுக்குத் தெரியுமே...

இருபது நிமிடத்தில் பேராசிரியரின் எண்ணிலிருந்து பதில் வந்தது.

'நீங்க கிளம்பினதும் இறங்கி நீந்தினேன் டாக்டர். தண்ணி பிரமாதம்.'

தண்ணி டாக்டர் அதை ஒன்பது முறை படித்தார்.

மனிதர் காட்டிக்கொடுக்கவில்லை. தம்பி பார்க்கும் குழுவில் பொய்க்குப் பொய் சேர்த்துக் காப்பாற்றியிருக்கிறார். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. அடுத்த வாரம் முதல் வேலையாக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் இனி இல்லை.

*

குளத்தருகே இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். குள்ளமான பெண்மணி. பேனா மூடியைக் கடித்தபடி பேசுகிறவர். உடலை எடுத்துப் போய்விட்டிருந்தார்கள். கரையில் ஒரு சாய்வு நாற்காலி. அதன்மேல் பேராசிரியரின் மூக்குக் கண்ணாடியும் போனும் பத்திரமாக இருந்தன.

வழுக்கி விழுந்திருப்பார் என்றார் தம்பி. சிவந்த கண். கசங்கிய பயணச் சட்டை.

"வழுக்கி விழுந்தா பின்மண்டையில ஒரு அடி விழும் சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "ரெண்டு விழாது."

அதன்பின் யாரும் வழுக்கலைப் பற்றிப் பேசவில்லை.

எப்போது இறந்தார் என்பதில்தான் சிக்கல். சூடேற்றும் குளம் என்பதால் மருத்துவரால் மணி சொல்ல முடியவில்லை. ஞாயிறு மதியத்திலிருந்து திங்கள் இரவுக்குள் எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். தம்பி ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ரயில் ஏறியிருக்கிறார். திங்கள் முழுக்க வேறு ஊரில், நாற்பது பேர் நடுவே கூட்டத்தில். இன்று விடியற்காலைதான் திரும்பினாராம்.

"அதனால உங்க ரீடிங்தான் முக்கியம்," என்றார் இன்ஸ்பெக்டர் தண்ணி டாக்டரிடம். "அவரைக் கடைசியா உயிரோட பார்த்தது நீங்க. இல்லையா?"

தண்ணி டாக்டர் குளத்தைப் பார்த்தார்.

'இல்லை' என்ற ஒரு சொல் போதும். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் பதினொரு வீடுகள் வரிசையில் நின்றன. பதினொரு குளங்கள். 'எங்க வீட்டுக்கு எத்தனை வாரம் வராமலே எழுதினீங்க?' என்று கேட்கப்போகும் பதினொரு வாய்கள். இருபது வருடத் தொழில்.

"ஆமா மேடம்."

"எப்படி இருந்தார்?"

"எப்பவும் போல. டீ கொண்டுவந்தார். 'என் நோயாளி எப்படி இருக்கான்?'னு குளத்தைக் காட்டிக் கேட்டார்."

அது பொய் அல்ல. மூன்று வருடமாக ஒவ்வொரு திங்களும் நடந்தது. நேற்று ஒரு நாள்தான் நடக்கவில்லை.

தம்பி தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தோள்கள் மெல்லத் தளர்ந்தன. துக்கம் என்று நினைத்தார் தண்ணி டாக்டர்.

தண்ணீரில் ஏதாவது கலந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். பெட்டியைத் திறந்தார் தண்ணி டாக்டர். முழங்கை ஆழத்துக்குக் குழாயை இறக்கித் தண்ணீர் பிடித்தார். மருந்தை ஐந்து சொட்டு விட்டார். குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பு வரவேண்டும்.

வரவில்லை.

குலுக்கினார். வெறும் தண்ணீர்போலவே கிடந்தது.

"நேத்து ரெண்டு. இன்னிக்கு?"

"பூஜ்யம் மேடம்."

"ஒரே நாள்ல காலியாகுமா?"

"வெயில்... சில சமயம்..."

அவர் குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. உப்புநீர்க் குளத்தில் குளோரினை வெளியிலிருந்து கொட்டுவதில்லை. பம்ப் ஓடும்போது ஒரு சிறு பெட்டி உப்பிலிருந்து அதைப் பிரித்துக்கொண்டே இருக்கும். தினம் எட்டு மணி நேரம். பம்ப் ஓடியிருந்தால் பூஜ்யம் வராது.

பம்ப் அறைக்குள் தனியாகப் போனார்.

உள்ளே சத்தமே இல்லை.

பெட்டியின் சிறு திரையில் சிவப்பு எழுத்துகள்.

'நீரோட்டம் இல்லை. நின்ற நேரம்: ஞாயிறு 16.12.'

வெளியே ஓடி, குளத்தின் ஓரச் சுவரில் தண்ணீரை உறிஞ்சும் வாயின் மூடியைத் தூக்கினார். உள்ளே கையை விட்டார். ஈரத்துணி. இழுத்தார். பேராசிரியரின் துண்டு! அவர் விழுந்தபோது கூடவே விழுந்திருக்கிறது. மிதந்து வந்து வாயை அடைத்திருக்கிறது. தண்ணீர் வராததால் பெட்டி தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு, மணியையும் குறித்துவைத்திருக்கிறது.

ஞாயிறு. மாலை நாலு பன்னிரண்டு.

துண்டை வைத்துவிட்டு மறுபடி பெட்டி முன் வந்து நின்றார்.

திரைக்குக் கீழே ஒரு பொத்தான். ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் குறிப்பு அழிந்துவிடும். அது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

விரலை வைத்தார்.

ஒன்று...

நேற்று பத்து மணிக்கு அவர் வந்திருந்தால் உடலைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் அவர் பொய்யர். பார்த்தும் சொல்லவில்லை என்றால் கொலைகாரர்.

இரண்டு...

தான் மின்விசிறியின் கீழே படுத்திருந்தபோது, அந்த மனிதர் முகம் கவிழ்ந்து இந்தத் தண்ணீரில் கிடந்திருக்கிறார். 'எல்லாம் சரி' என்று எழுதிய தண்ணீரில்.

மூன்று...

அப்படியானால் திங்கட்கிழமை பதில்?

ஞாயிறே இறந்தவர் திங்கள் எப்படி நீந்தினார்?

நான்கு...

விரலை எடுத்தார். சிவப்பு எழுத்துகள் அப்படியே இருந்தன.

*

கூடத்தில் தம்பி வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஈரத்துண்டோடு வந்து நின்றார் தண்ணி டாக்டர். தரையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"மேடம். நான் நேத்து வரலை."

பேனா மூடி இன்ஸ்பெக்டரின் பற்களுக்கிடையே அசையாமல் நின்றது.

எல்லாவற்றையும் சொன்னார். மின்விசிறியை, மனப்பாடமான எண்களை, பதினொரு வீடுகளை, துண்டை, நாலு பன்னிரண்டை, திங்கட்கிழமை வந்த பதிலை. பொத்தானில் விரல் வைத்ததையும் மறைக்கவில்லை.

தம்பி எழுந்துவிட்டார்.

"கேட்டீங்களா மேடம்? வராமலே வந்தேன்னு எழுதினவன் இவன். இவன் பேச்சை எவன் நம்புவான்? இவனைப் பிடிச்சு விசாரிங்க."

"விசாரிக்கிறேன். உட்காருங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "முதல்ல ஒரு சின்னச் சந்தேகம். இவர் வரலைங்கிறது உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்கும். வீட்டுலயே இருக்கிறவர். அப்போ, 'நீங்க கிளம்பினதும் நீந்தினேன்'னு அவர் எழுதுவாரா?"

"அண்ணன் இரக்கப்பட்டு எழுதியிருப்பார்."

"நானும் அப்படித்தான் சார் நினைச்சேன்," என்றார் தண்ணி டாக்டர் மெல்ல. "ராத்திரி முழுக்க அதை நினைச்சு வெட்கப்பட்டேன்."

"ஆனா பெட்டி ஞாயிறு நாலு பன்னிரண்டுங்குது," என்றார் இன்ஸ்பெக்டர். "அந்த நேரத்துல வீட்டுல இருந்தது ரெண்டு பேர். ஒருத்தர் குளத்துக்குள்ள. இவர் வந்தார்னு மனசார நம்பின ஒருத்தர்தான் அந்தப் பதிலை எழுத முடியும். அதாவது, திங்கட்கிழமை இந்த வீட்டுல இல்லாத ஒருத்தர். கையில அண்ணன் போனை வெச்சிருந்த ஒருத்தர்."

தம்பி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"கொலை பண்ணிட்டு, யாராவது கூப்பிட்டா சமாளிக்க அண்ணன் போனையும் எடுத்துக்கிட்டு ரயில்ல போறீங்க. எப்படித் தப்பிக்கிறதுன்னு தெரியாம உட்கார்ந்திருக்கீங்க. மறுநாள் காலையில ஒரு புண்ணியவான், உங்க அண்ணனை இப்பத்தான் உயிரோட பார்த்தேன்னு மெசேஜ் போடுறார். வரப்பிரசாதம். அதை இன்னும் கொஞ்சம் அழுத்தமாக்கலாம்னு ஒரே ஒரு வரி எழுதினீங்க." நாற்காலியிலிருந்து எடுத்துவந்த போனை அவர் முன் வைத்தார். "திங்கட்கிழமை இது எந்த ஊர்ல இருந்ததுன்னு கம்பெனிக்காரன் அரை மணி நேரத்துல சொல்லிடுவான். நீங்களே சொன்னா அரை மணி மிச்சம்."

தம்பி அந்தப் போனை விலக்கி வைத்தார்.

பிறகு சொன்னார்.

"வீட்டை விக்கப்போறேன், வேற இடம் பார்த்துக்கோன்னார். பிறந்ததுலேர்ந்து இருக்கேன் இந்த வீட்டுல."

கான்ஸ்டபிள் அவர் தோளில் கை வைத்தார்.

வாசலில் ஜீப் கிளம்பத் தயாராக இருந்தது. தண்ணி டாக்டர் இன்னும் அந்தத் துண்டைப் பிடித்தபடி நின்றார்.

"மேடம். நான் நேத்து வந்திருந்தா?"

"பிழைச்சிருக்க மாட்டார். அது உங்க கணக்குல இல்ல." இன்ஸ்பெக்டர் அந்தத் துண்டை வாங்கிக்கொண்டார். "ஒரு நாள் முன்னாடியே கரையேறியிருப்பார். அது உங்க கணக்குதான்."

அவர் தலையாட்டினார். அதைவிடச் சரியான ரீடிங்கை யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

"பதினொரு வீட்டுக்கும் நானே போய்ச் சொல்லப்போறேன் மேடம். அப்புறம் யாரும் கூப்பிட மாட்டாங்க."

ஜீப்பில் ஏறிய இன்ஸ்பெக்டர் கடித்து நைந்துபோன மூடியைப் பேனாவில் மாட்டினார்.

"எங்க ஸ்டேஷன் தண்ணித் தொட்டியில பாசி பிடிச்சுக் கிடக்கு. மாசம் ஒரு தடவை பார்த்துக் கொடுங்க."

"கண்டிப்பா மேடம்."

"ஒரே ஒரு கண்டிஷன்..." ஜீப் நகர்ந்தது. "வந்து பாருங்க!"