இலைச் சாற்றில் ஓர் எமன்!

செல்போன் அலறியது.

பரிசோதனைக்கூடத்தில் இலைச் சாற்றை வடிகட்டிக்கொண்டிருந்த கெமிஸ்ட் எடுத்தான்.

"டாக்டர் பேசறேன். உங்க தங்கச்சிக்கு ரெண்டு கிட்னியும் மக்கர் பண்ணுது. முகத்துக்கு என்ன பூசுனாங்க?"

"எங்க கம்பெனி சிவப்பழகு க்ரீம், டாக்டர். வெறும் இலைச்சாறு! நானே டெஸ்ட் பண்ணினது..."

"வெறும் இலை இந்த வேலை பண்ணாது. வேற என்ன கலந்திருக்குன்னு தெரிஞ்சாத்தான் முறிவு மருந்து ஏத்தலாம். ரத்த ரிசல்ட் வர ரெண்டு நாளாகும். அதுவரைக்கும் தாங்க மாட்டாங்க. லைன்லயே இருங்க!"

வந்த வரன் எல்லாம் 'பொண்ணு கறுப்பு' என்று கைகழுவ, கெமிஸ்டே ஆசையாய்க் கொடுத்த டப்பா!

அவன் சோதிப்பது சாற்றை மட்டும். க்ரீமாகக் கலப்பது கீழ்த்தள அறையில். அதன் சாவி முதலாளி இடுப்பில்!

போனை அணைக்காமலே முதலாளி அறைக்குத் தலைதெறிக்க ஓடினான்.

"க்ரீம்ல என்ன கலந்தீங்க முதலாளி?"

"இலைதான்ப்பா." முதலாளி பல் குத்தினார்.

"என் தங்கச்சி சாகக் கிடக்கறா! கால்ல விழறேன், சொல்லுங்க!"

விழுந்தே விட்டான், பாவம்.

முதலாளி காலை இழுத்துக்கொண்டார். "இலைதான்னு சொல்றேன்ல? போய் வேலையைப் பாரு."

கல்லில் நார் உரிக்க முடியுமா? தரையில் கிடந்தபடியே கெமிஸ்ட் சொன்னான்.

"உங்க பொண்ணும் ஒரு மாசமா அதைத்தான் பூசறா. நான்தான் குடுத்தேன்."

முதலாளி துள்ளி எழுந்தார்.

"அடப்பாவி! அதுல பாதரசம்டா! அவளைக் கழுவச் சொல்லு... உடனே!"

"கேட்டுச்சு!" கெமிஸ்ட் கையிலிருந்த போனில் டாக்டர் கத்தினார். "மருந்து ஏத்தறோம்!"

"உங்க பொண்ணுக்கு ஒண்ணுமில்ல முதலாளி. பொய் சொன்னேன்..." கேவிக்கேவி அழுதபடி, போலீசுக்கும் அவனே போன் போட்டான்.

இருபதே நிமிடம்... ஜீப்!

பெண் இன்ஸ்பெக்டர் முதலாளிக்கு விலங்கு மாட்டினார். மேஜை மேலிருந்த ஃபைலைப் புரட்டினார். கெமிஸ்ட் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் ஏறுங்க."

"நானா? மேடம்... புகார் குடுத்ததே நான்தான்!"

"'க்ரீமில் பாதரசம் இல்லை'ன்னு நாப்பது சர்டிபிகேட். நாப்பதும் நீங்க போட்ட கையெழுத்து!"

"ஐயோ... அது லீவுல போறப்ப வெத்துத்தாள்ல போட்டு வெச்சுட்டுப் போனது மேடம்! வேலை நிக்கக்கூடாதுன்னு எல்லா கெமிஸ்டும் பண்றதுதான்! தங்கச்சியை ஒரே ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்..."

"அதை கோர்ட்ல கேளுங்க."

கெமிஸ்ட் இரண்டு கைகளையும் நீட்டினான்.

விலங்கைப் பூட்டிய இன்ஸ்பெக்டர் சொன்னார்:

"இந்தக் கம்பெனியிலயே கலப்படம் இல்லாத சரக்கு உங்க கையெழுத்து ஒண்ணுதான், சார்!"