இறக்கம்

மதியம் அவள் மாட்டிய புது பிரேக் பெடல் ரப்பர், மாடிக்குப் போய் டீ குடித்துவிட்டு வருவதற்குள் வலது ஓரத்தில் தேய்ந்திருந்தது.

கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். ஒரே கால் பல வருஷம் மிதித்ததுபோல வரிகள் மழுங்கி வழவழவென்றிருந்தன. கடைக்காரன் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள். வேறு எதையும் நினைக்க அவளுக்கு இஷ்டமில்லை.

மேலே வீடு, கீழே பட்டறை. ஷட்டரின் தகரத்தில் மழை ஓயாமல் விரலால் தட்டுவதுபோல விழுந்துகொண்டிருக்க, ஈர சிமெண்டும் கிரீஸும் பிரேக் ஆயிலின் லேசான இனிப்பு நெடியும் கலந்து அந்த இடம் முழுக்கத் தேங்கி நிற்க, இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் நாலு ஸ்டாண்டுகளின் மேல் சக்கரம் தரையில் படாமல் நின்றது.

புருஷனும் அவளுமாக நடத்திய பட்டறை அது. ஊரார் வண்டிகளுக்கு நடுவில், இது ஒன்றுதான் தங்களுக்கென்று வாங்கியது. ஓடத் தெரிந்த வண்டிக்கு நிற்கத்தான் தெரியவில்லை என்று அவன் கேலி செய்வான். முன்சக்கரங்களில் பழைய டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் போட்டுவிடலாம் என்று சாமான்களுக்கும் சொல்லிவைத்திருந்தான். அவை வருவதற்குள், ஒருநாள் மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போயிற்று. வண்டிக்கு முன்பக்கம் கொஞ்சம் நசுங்கியது. அவனை முகத்தை மூடித்தான் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு டிஸ்க் பிரேக் சாமான் பெட்டி வந்தது, அவன் பெயருக்கு.

வண்டியைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லி அவளுடைய அண்ணன் எவ்வளவோ மன்றாடினான்.

"செத்தவனுக்கு எதுக்கும்மா பிரேக்?"

"அவன் பாதியில விட்ட வேலைண்ணே. முடிச்சுட்டு யாருக்காவது குடுத்துடறேன்."

கடைசி வேலைக்கு, ஏர் எடுக்க, அண்ணன் தானே வருவதாக ஒப்புக்கொண்டான். குழாய்க்குள் காற்று இருந்தால் பிரேக் பிடிக்காது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தருகே திருகைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும். உள்ளே உட்காருவது எப்போதும் புருஷன்தான். "பிடிச்சிருக்கா?" என்று இவள் கீழேயிருந்து கேட்பாள். "ரொம்பப் பிடிச்சிருக்கு" என்பான், காதலைச் சொல்ல வந்தவன் மாதிரி குழைந்துகொண்டு. அரைத்த மாவுதான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வரும்.

மழையில் மாட்டிக்கொண்டதாக அண்ணன் போன் செய்தான். அவள் சக்கரத்தருகே சம்மணமிட்டு உட்கார்ந்து, திருகில் டியூபைச் செருகி மறுமுனையைப் பாட்டிலுக்குள் விட்டாள். கை ஸ்பானரைப் பிடித்ததும் வாய் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டது.

"அமுக்கு."

உள்ளே பெடல் கிறீச்சிட்டு இறங்கியது.

பின்சுவரில் பிரேக் விளக்கின் சிவப்பு படர்ந்தது. பேட்டரி மேஜைமேல் கழற்றி வைத்தபடி கிடந்தது.

எழுந்து ஓடியிருக்கலாம். ஓடினால் அது நின்றுவிடுமே என்றிருந்தது. திருகைத் திறந்தாள். ஆயிலோடு குமிழ்கள் வந்தன. மூடினாள்.

"விடு."

பெடல் மேலே வந்தது. மறுபடி சொன்னாள். மறுபடி இறங்கியது. இருவரும் சக்கரம் சக்கரமாக வேலை செய்தார்கள். கண்ணீர் மூக்கு நுனியில் சொட்டியது, துடைக்கக் கை ஒழியவில்லை. கடைசியில் குமிழ் நின்று ஆயில் மட்டும் தெளிவாக வந்தது. அவள் திருகை மூடி, மறுபடி அமுக்கச் சொல்லிச் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தாள். அசையவில்லை. டிஸ்க் இறுகப் பிடித்திருந்தது.

"நல்லாப் பிடிக்குது. போதும், விடு."

விடவில்லை.

"முடிஞ்சுடுச்சு. விட்டுடு."

பெடல் எழும்பியது. இறங்கியது. எழும்பியது. இறங்கியது. வேகமாக. இன்னும் வேகமாக. ஏர் எடுக்க யாரும் அப்படி மிதிப்பதில்லை.

பிடிக்காத பிரேக்கைத்தான் அப்படி மிதிப்பார்கள்.

அவள் உள்ளங்கைக்குக் கீழே சக்கரம் நகர்ந்தது. கையைத் தட்டிவிட்டுச் சுழன்றது. நாலும் சுழன்றன. என்ஜின் சத்தமில்லை. காற்றின் சத்தம் மட்டும். கருகும் வாசனை.

கதவைத் திறந்தாள். சீட் காலி. ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். வேகம் குறையவில்லை.

"புதுசு போட்டுட்டேன். நிக்கும். பயப்படாதே, நிக்கும்."

மண்டியிட்டு உள்ளே குனிந்து, இரண்டு கையாலும் பெடலைத் தரையோடு அழுத்தினாள்.

அவள் கைகளின் மேல் ஒரு கால் வந்து அழுந்தியது. எழுந்தது. மறுபடி அழுந்தியது. சக்கரங்கள் வேகம் பிடித்துக்கொண்டிருந்தன.