நெருப்பு வட்டத்துக்குள் அவன்

மழைக்கு ஒதுங்கத்தான் அந்த மாடி விளையாட்டுக் கடைக்குள் நுழைந்தாள் பல் டாக்டர். மேஜை ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைகிறது என்று கடைக்கார அக்கா பிடித்து உட்கார வைத்துவிட்டாள். கட்டம் போட்ட வரைபடம், குட்டிக் குட்டி பொம்மைகள், பகடை... இவள் மந்திரக்காரியாம். எதிர் நாற்காலியில், இவள் கட்சியிலேயே, காவல் வீரன் பொம்மையோடு ஒரு லிஃப்ட் மெக்கானிக். மழையில் நனைந்த இமைகள்... பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே மறுபடி பார்த்தாள்.

அக்கா நகர்த்திய பூதங்கள் மந்திரக்காரியை நெருங்கின. அவன் தன் வீரனைக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்தினான். அவளுக்கோ ஒரே உற்சாகம்.

"நெருப்பு உருண்டை!" என்று பூதங்களின் மேல் எறிந்துவிட்டாள்.

அக்கா ஒரு கம்பி வளையத்தை வரைபடத்தில் வைத்தாள். "வட்டத்துக்குள்ள நிக்கிற எல்லாருக்கும் அடி. நம்ம ஆளு, எதிரி ஆளுன்னெல்லாம் நெருப்பு பாக்காதும்மா."

வளையத்துக்குள் வீரனும் நின்றான்.

"ஐயோ... முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"இந்த இருபது முகப் பகடையில பன்னெண்டைத் தாண்டினா பாதி அடி, பொழைச்சுக்குவான். இல்லேன்னா முழு அடி... ஆள் காலி."

வருஷக்கணக்காக ஆட்டத்துக்கு ஆட்டம் அவன் வளர்த்த வீரனாம்! அவன் உருட்டிய பகடை மேஜையைத் தாண்டிக் கீழே விழுந்தது. கீழே விழுந்தால் செல்லாது, அவனே மறுபடி உருட்ட வேண்டும். அவனோ ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து மழைக்குள் ஓடிவிட்டான்.

கோபம்தான்... வேறென்ன? ஒரு பொம்மைக்கு இவ்வளவு வீம்பா? 'போனா போகட்டும், நான் எதுக்கு மன்னிப்பு கேக்கணும்?' என்று வாரம் முழுக்க மனசோடு மல்லுக்கட்டினாள். ஞாயிற்றுக்கிழமை கால்கள் தாமாகவே மாடி ஏறின.

பாதியில் நின்ற ஆட்டத்தின் முன்னால் அவன் உட்கார்ந்திருந்தான்!

"அன்னைக்கு லிஃப்டுல ஒரு அம்மா கைக்குழந்தையோட மாட்டிக்கிட்டாங்கன்னு போன்ல மெசேஜ்... சொல்லிக்கக்கூட நேரமில்ல. கோச்சுக்கிட்டீங்களா?"

"நானா? நீங்கதான் கோச்சுக்கிட்டுப் போயிட்டீங்கன்னு..." நெஞ்சிலிருந்த பாரம் பாதி இறங்கியது. மீதி அவன் கைப் பகடையில் இருந்தது.

உருட்டினான். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"பதினேழு!" அக்கா கத்தினாள். "பொழைச்சான்!"

அப்பாடா... அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"வட்டம் உங்க மேலயும் படும்னு தெரியாதா?"

"தெரியும். புதுசா வர்றவங்க எல்லாரும் முதல்ல நெருப்பைத்தான் எறிவாங்க."

"அப்புறம் எதுக்கு வந்து நின்னீங்க?"

"நீங்க தனியா நின்னீங்களே..."

"அது வெறும் பொம்மைங்க."

"பொம்மைதான்..." அவன் காது மடல் சிவந்தது. "நான் உங்களைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"இந்த வாரம் யார் வாயைத் திறந்தாலும் எனக்கு உங்க ஞாபகம்தான்..."

"பல்லு பாக்கும்போதா?"

"ஆமா! உங்களைப் பிடிச்சிருக்கு, போதுமா?" முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இனிமே எறியறதுக்கு முன்னாடி சொல்லிடறேன்... நகர்ந்துக்கோங்க."

அவன் தன் வீரனை எடுத்து மந்திரக்காரியின் பக்கத்துக் கட்டத்தில் வைத்தான்.

"சொன்னாலும் நகர மாட்டேன்."