பன்னிரண்டாம் பாடம், ஏழாவது உரையாடல்

அவன் அவளிடம் பேசிய முதல் பேச்சே சண்டைக்கு இழுக்கிற பேச்சாகத்தான் இருந்தது.

"கொஞ்சம் ஆடாம உட்காருங்க டீச்சர். உங்களைவிட உங்க நாற்காலிதான் அதிகமா பேசுது."

ஹெட்போனுக்குள்ளிருந்து அந்தக் குரல் காதில் விழுந்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு எதையோ திருகிக்கொண்டிருந்தான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாற்பது பிள்ளைகளை ஒரே முறைப்பில் அடக்குகிறவள் அவள்... அவளைப் போய் ஆடாமல் உட்காரச் சொல்கிறான், அதுவும் முகத்தைப் பார்க்காமல்.

நியாயமாகப் பார்த்தால் அவள் அங்கே இருக்கவே வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்பு ஆங்கில இலக்கணப் புத்தகத்தில் பன்னிரண்டாம் பாடத்தை எழுதியவள் அவள். ஃபியூச்சர் கன்டினியுவஸ். நாளைக்கு இந்நேரம் சமைத்துக்கொண்டிருப்பேன், அடுத்த வாரம் இந்நேரம் பறந்துகொண்டிருப்பேன் என்று, இன்னும் வராத நாளுக்குள் தலையை நீட்டி எட்டிப் பார்க்கிற பாடம். பிள்ளைகள் கேட்டுப் பழகப் புத்தகத்தோடு ஒலிப்பதிவும் தரப்போகிறார்கள். அதில் பேச வேண்டிய பெண்ணுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. எழுதியவரே படித்துக்கொடுத்தால் புண்ணியமாகப் போகும் என்று பதிப்பாளர் கெஞ்சினார். கொட்டுகிற மழையில் வந்து உட்கார்ந்தால், இப்படி ஒரு வரவேற்பு.

ஆனால் அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. சும்மா இருப்பது அவளுக்குப் பிறவியிலேயே வராது. வீட்டில் அவளுக்குப் பெயரே பம்பரம். ஆறு வருடத்தில் நாலு பள்ளிக்கூடம், மூன்று ஊர். ஓர் ஊரில் பெட்டியைப் பிரிக்கும்போதே அடுத்த ஊர் எப்படி இருக்கும் என்று மனசு அரிக்க ஆரம்பித்துவிடும். இப்போதும் அப்படித்தான். இந்தச் சனிக்கிழமை பதினோரு மணி ரயிலில் அண்ணன் இருக்கும் ஊருக்குக் கிளம்புகிறாள். இங்கே ராஜினாமா கொடுத்தாகிவிட்டது. அண்ணன் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை பார்த்துக்கொடுத்து, தன் வீட்டு மாடி அறைக்கு வெள்ளையடித்தும் வைத்துவிட்டார். 'அண்ணா, எப்படியாவது என்னை அங்கே கூப்பிட்டுக்கோங்க' என்று இரண்டு வருடம் அவரை நச்சரித்தவளும் அவளேதான்.

ஆண்குரலுக்கு ஏற்பாடாகியிருந்த வானொலிக்காரர், தெருவில் முழங்கால் தண்ணீர் என்று போன் செய்து கைவிரித்துவிட்டார். பதிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். "சவுண்டு, நீயே படிச்சுடேன்" என்றார்.

அந்த ஸ்டுடியோவில் எல்லோரும் அவனைச் சவுண்டு என்றுதான் கூப்பிட்டார்கள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயப்படுகிற ஆளுக்கு அந்தப் பெயரை வைத்தவர் நல்ல குசும்புக்காரராக இருக்க வேண்டும்.

கருவியை ஓடவிட்டுவிட்டு உள்ளே வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். நடுவில் ஒரே ஒரு மைக். இந்தப் பக்கம் ஒரு முழம், அந்தப் பக்கம் ஒரு முழம். முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தான்...

தூக்கம் போதாத கண்கள். பார்ப்பதற்கு அல்ல, கேட்பதற்கே வைத்த கண்கள் போல அவள் மூச்சு விடுவதைக்கூட அவை கவனித்தன. அவள் சட்டென்று காகிதத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். இவனிடம் என்ன இருக்கிறது என்று இப்படிப் படபடக்கிறது?

ஒருவன் தெரிந்தவரிடம் கார் கேட்கிற இரண்டாவது உரையாடலிலேயே அவன் நிறுத்தினான்.

"சாயங்காலம் கார் ஓட்டிட்டு இருப்பீங்களான்னு யாராவது கேப்பாங்களா டீச்சர்? கார் வேணும்னா வேணும்னு கேக்க வேண்டியதுதானே."

"அது மரியாதை. அவங்க என்ன பண்ணப் போறாங்கன்னு நைசா தெரிஞ்சுக்கறது. வற்புறுத்தாம."

"அப்ப அவனுக்குக் கார் கிடைச்ச மாதிரிதான்."

அவள் சிரித்துவிட்டாள். பதிவு கெட்டது. அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், சிரிப்பு நன்றாகப் பதிவாகியிருக்கிறது, ஆனால் பாடத்தில் இடமில்லை என்றான்.

ஏழாவது உரையாடலில் ஒருத்தி ஊருக்குப் புறப்படுகிறாள். நாளைக் காலை பத்து மணிக்கு என்ன செய்துகொண்டிருப்பாய் என்று அவன் கேட்க வேண்டும். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வயல்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று இவள் சொல்ல வேண்டும். நீ என்ன செய்துகொண்டிருப்பாய் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

"ஐ வில் பி வெயிட்டிங்" என்றான் அவன்.

பேருந்தில் நின்றுகொண்டே கிறுக்கிய வரி அது. எழுதும்போது அதில் ஒன்றுமே இருக்கவில்லை. அந்தத் தாழ்ந்த குரலில் கேட்டபோது... அடுத்து தான் படிக்க வேண்டியது எந்த வரி என்றே அவளுக்கு மறந்துபோயிற்று. மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அதே இடத்தில் தடுமாறினாள். மூன்றாவது முறைதான் சரியாக வந்தது.

எல்லாம் முடிந்து பதிப்பாளர் கிளம்பியதும், இன்னும் ஒன்று பாக்கி என்றான். வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவில் ஒட்டுவதற்கு, அந்த அறையின் மௌனத்தைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டுமாம். ஒரு நிமிடம் யாரும் அசையக்கூடாது. ஆள் இருக்கிற அறையின் மௌனம் வேறு, ஆள் இல்லாத அறையின் மௌனம் வேறு என்பதால் அவளும் இருந்தாக வேண்டும்.

"ஒரு நிமிஷம் உங்களால முடியுமா?" என்று கேட்டான்.

"ஏன் முடியாது?" என்று வீறாப்பாகச் சொன்னாளே தவிர, உள்ளுக்குள் உதறல்தான்.

உட்கார்ந்தார்கள். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மைக்கைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், வேறு வழியில்லாமல் அவனைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே மழை பெய்துகொண்டிருக்க வேண்டும், உள்ளே அதன் சுவடே இல்லை. எங்கே போக வேண்டும், அடுத்து என்ன என்று எந்நேரமும் அவளுக்குள் பிறாண்டிக்கொண்டிருக்கும் ஒன்று மெல்ல அடங்கிப்போனது. அவள் கால்கூட ஆடவில்லை. இது என்ன, எனக்கா இப்படி என்று அவளுக்கே அதிசயமாக இருந்தது.

அவன்தான் முதலில் அசைந்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மூன்று நிமிடம் ஆகிவிட்டது என்று சொல்லிக் காதுவரை சிவந்தான்.

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். பதற்றத்தில் அவள் வாய் சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமை ஊரைவிட்டே போகிறேன், அண்ணன் வீட்டுக்கு, அங்கேயே வேலை என்று கொட்டிவிட்டாள்.

அவன் மைக் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான். ஒரு சுற்று... இரண்டு சுற்று...

"நல்லபடியா போயிட்டு வாங்க" என்றான்.

அவ்வளவுதானா? அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. முழுசாக ஒரு நாள்கூடப் பழகாத ஒருவன் வேறு என்ன சொல்வான் என்று எதிர்பார்த்தாய்? குடையை விரிக்கக்கூடத் தோன்றாமல் நனைந்துகொண்டே வீடு போய்ச் சேர்ந்தாள்.

வியாழக்கிழமை பதிப்பாளர் ஒலிப்பதிவை அவள் போனுக்கு அனுப்பி, கேட்டுவிட்டுச் சரி என்று சொல்லச் சொன்னார். முதல் முறை வேலைக்காகக் கேட்டாள். அதன் பிறகு துணி மடிக்கும்போது கேட்டாள், புத்தகம் கட்டும்போது கேட்டாள். கட்டிய பெட்டியைப் பிரித்து மறுபடி கட்டும்போதும் கேட்டாள். பாட்டா கேட்கிறாய் என்று எட்டிப் பார்த்த அம்மா, உள்ளே யாரோ கார் கேட்டுக்கொண்டிருப்பதைக் கேட்டுவிட்டு ஒன்றும் புரியாமல் போய்விட்டாள். ஏழாவது உரையாடல் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. ஒரு தூசு, ஒரு கீறல் இல்லை. சரி என்று பதில் அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை மாலை அவனிடமிருந்து போன்.

ஏழாவது உரையாடலில் மழைச் சத்தம் ஏறியிருக்கிறதாம். திரும்ப எடுக்க வேண்டுமாம். நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஒரு பத்து நிமிடம் வந்துபோக முடியுமா என்று கேட்டான். நாளைக்கா, நாளைக்கு எனக்கு ரயில் என்றாள். தெரியும் என்றான்.

போனை வைத்ததும் அவளுக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாள். பொய் சொல்கிறான். பச்சைப் பொய். எதற்காகச் சொல்கிறான்? அதை அவனே சொல்லட்டும்... என்னைப் போகச் சொன்ன வாய் அது, அதுவே திறக்கட்டும்.

பெட்டியோடு போய் இறங்கினாள். ரயில் நிலையத்துக்குப் போகிற வழிதான் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள், உண்மையில் அது எதிர்த்திசை.

எதுவும் பேசாமல் பதிவைத் தொடங்கினார்கள். ஒருமுறை எடுத்தார்கள். இன்னொருமுறை என்றான். எடுத்தார்கள். குரல் கொஞ்சம் கம்மியாக வருகிறது, இன்னொருமுறை என்றான். அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடி படித்தாள். ஒன்பதரை... ஒன்பதே முக்கால்... சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தை அவன் பார்ப்பதை அவள் பார்த்தாள். கேட்டுவிடேன், மனிதா. வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை. அவன் காகிதத்தை நேராக்கினான். அவள் தொண்டையைச் செருமினாள். இரண்டு பேருக்கும் ரோஷம் ஒரே எடை.

பத்து மணி அடித்ததும் அவளால் தாங்க முடியவில்லை.

"ஏழாவதுல என்ன தப்பு?"

"சொன்னேனே... மழை."

"நான் வியாழக்கிழமையிலிருந்து கேட்டுட்டே இருக்கேன். மழையே இல்ல."

அவன் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். மாட்டிக்கொண்ட பிள்ளையின் முகம். சிரிக்கலாமா அழலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஆமா, தப்பு ஒண்ணுமில்ல" என்றான். "போறவங்களைப் போகாதீங்கன்னு சொல்லி எனக்குப் பழக்கமில்ல டீச்சர். சொல்ல நான் யாரு? ஆனா முந்தாநேத்து ராத்திரி பூரா வேலையே ஓடலை. நீங்க ஒரு பத்து நிமிஷம் லேட்டா போனா என்னன்னு தோணுச்சு. அதுக்குத்தான் கூப்பிட்டேன். பத்து நிமிஷம் பத்தலை... அதான் திரும்பத் திரும்ப எடுத்துட்டு இருந்தேன்."

இவ்வளவு நீளமாக அவன் பேசி அவள் கேட்டதில்லை. அவள் கண் நிறைந்துவிட்டது. பையிலிருந்து போனை எடுத்து அண்ணனை அழைத்தாள். அவன் எழுந்து வெளியே போகப் பார்த்தான். இருங்க என்று கையைக் காட்டினாள்.

அண்ணன் உற்சாகமாக இருந்தார். ஸ்டேஷனுக்குப் போய்விட்டாயா, மாடி அறைக்குத் திரைச்சீலைகூட மாட்டியாகிவிட்டது என்றார். இவ்வளவு செய்தவரிடம் எந்த முகத்தோடு சொல்வது? அவர் சத்தம் போட்டால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

"அண்ணா, நான் வரலை."

அண்ணன் கொட்டித் தீர்த்தார். இங்கே வேலை கொடுத்த தலைமையாசிரியருக்கு என்ன பதில் சொல்வது, அங்கே இருந்த வேலையையும் விட்டாகிவிட்டது, இனி என்ன செய்யப் போகிறாய், மறுபடி வேறெந்த ஊருக்கு ஓடப்போகிறாய் என்று கேட்டார்.

"எங்கயும் ஓடலைண்ணா. இங்கயே இருக்கேன். வேலை தேடிக்கறேன். உங்களைக் கஷ்டப்படுத்திட்டேன், தப்புதான். ஆனா..."

"ஆனா என்ன?"

அவள் எதிரே பார்த்தாள். அவன் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்குண்ணா. ரொம்பப் பிடிச்சிருக்கு."

அண்ணனின் குரல் அடியோடு மாறிப்போயிற்று. யார், என்ன, எத்தனை நாளாக என்று கேட்கத் தொடங்கியவர், பாதியிலேயே நிறுத்திக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். இது அந்த ஆளுக்குத் தெரியுமா?

"இவ்வளவு நேரம் தெரியாது" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இப்பதான் எதிர்ல நின்னு கேட்டுட்டு இருக்கார்."