பாறைக்குக் கீழே வாங்கிய கை

2025 ஜனவரி 16, காணும் பொங்கல் அன்று பிற்பகல், காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியில் வேலை செய்யும் நான்கு பெண்கள் வாடகை வேன் ஒன்றில் ஊத்துக்கோட்டையைத் தாண்டி, நாகலாபுரம் பக்கத்து மலையடிவாரத்தில் இருந்த ஒரு மாந்தோப்பு வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மறுநாள் மாலை நால்வரும் திரும்பிப் போனார்கள்.

பழைய ஓட்டு வீடு. கதவைத் திறந்ததும் ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்தது. மூலையில் காலிக் கூடைகளை அடுக்கியிருந்தார்கள்.

"இன்னாடி இது, ஊடா இல்ல மாங்கா குடோனா?" என்றாள் கங்கம்மா. கும்மிடிப்பூண்டிக்காரி, கூட்டத்தில் குரல் பெரியவள்.

"ரெண்டும்தான். நீ அந்தக் கூடையில படுத்துக்கோ, காலையில பழுத்துடுவ," என்றாள் ஷஹனாஸ்.

ஸத்யபாமா சிரித்துக்கொண்டே பைகளை இறக்கினாள். வருடம் முழுவதும் ஷிஃப்ட் முடிந்ததும் காக்களூர் ஏரிக்கரையில் நடப்பதும், குளிர்காலத்தில் ஒரு தடவை ஏதாவது மலைக்கு வந்து நடப்பதும் இவர்களின் வழக்கம். ஏற்பாடு எல்லாம் ஸத்யபாமாதான். இந்த முறை புதிதாக ஒருத்தியைச் சேர்த்திருந்தாள். ஒன்றுவிட்ட அண்ணன் எம்பாரின் மகள் ஸ்ரீப்ரியா. கம்பெனியில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கோயில் கைங்கர்யத்தில் இருக்கும் எம்பார், மகளை ஒரு ராத்திரிகூட வெளியே தங்க விட்டதில்லை. திருவள்ளூரில் வேன் கிளம்பும்போது ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

"பாமா, இவளை உன் கையில விட்டிருக்கேன். உன் கையாலயே கொண்டுவந்து விட்டுடு."

"என்ன அண்ணா, நான் என்ன பிறத்தியாளா? நாளை சாயங்காலம் உங்காத்து வாசல்ல நிப்பா," என்று சொல்லியிருந்தாள்.

மறுநாள் காலை டிரைவர் ரகுவை வேனிலேயே விட்டுவிட்டு நால்வரும் ஏறத் தொடங்கினார்கள். ஒற்றையடிப் பாதை. முன்னால் கங்கம்மா, அடுத்து ஷஹனாஸ், பிறகு ஸ்ரீப்ரியா, கடைசியாக ஸத்யபாமா. மலையின் மேல்பாதி பனிக்குள் இருந்தது. புல்லின் ஈரம் புடவைக் கரையை நனைத்தது.

இவர்கள் வேலை செய்வது வண்டிகளுக்கு வயர் கட்டு தயாரிக்கும் கம்பெனியில். பெண்கள் ஒருவர் பின் ஒருவராக, எல்லோரும் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். தன் வேலை முடிந்ததும் வயர் கட்டைத் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்ட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் வரிசை தாமதமாகும். வாங்குகிறவள், கொடுக்கிறவளின் மணிக்கட்டு எலும்பைக் கட்டைவிரலால் ஒரு தடவை அழுத்துவாள். அழுத்தினால் விடலாம். அழுத்தும் முன்பே விட்டால் கட்டு கீழே விழுந்து முனைகள் வளைந்துபோகும். சேர்ந்த முதல் வாரத்திலேயே கைக்குப் பழகிவிடுகிற இந்த வழக்கம், அப்புறம் வீட்டுக்கும் வந்துவிடும்.

"எங்க ஊட்டுக்காரர் நியாஸ் பேஜாராயிட்டாரு," என்று ஷஹனாஸ் நடந்துகொண்டே சொன்னாள். "டீ குடுத்தா கிளாஸை விடமாட்டேன்றேனாம். கையை அமுக்குனாதான் விடறேனாம். வந்தவங்க முன்னாடி மானம் போவுதுன்றாரு."

"நீ கல்யாணத்தன்னிக்கே அமுக்கச் சொல்லியிருக்கணும்," என்றாள் கங்கம்மா. ஸ்ரீப்ரியா சிரித்த சிரிப்பில் நடக்க முடியாமல் நின்றுவிட்டாள்.

பாதை செங்குத்தாகத் திரும்பிய இடத்தில் தண்ணீர் பாட்டில் முன்னாலிருந்து வந்தது. ஒவ்வொருத்தியும் குடித்துவிட்டுப் பின்னால் நீட்டினாள். ஸ்ரீப்ரியாவின் மணிக்கட்டை அழுத்தி ஸத்யபாமா வாங்கினாள். குடித்தாள். மேலே பார்த்தபடி, கை பழக்கத்தில் பின்னால் நீட்டினாள்.

மணிக்கட்டில் ஒரு அழுத்தம். விட்டாள்.

நான்கைந்து அடி ஏறிய பிறகுதான் நினைவு வந்தது.

அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை.

திரும்பினாள். பாதை வெறுமையாகக் கீழே இறங்கிப் பனிக்குள் போனது. பாட்டில் ஓரத்துக் கல் ஒன்றின் மேல் நிமிர்ந்து நின்றது. மூடி போட்டிருந்தது. மூடி அவளுடைய இடது கையில்தான் இருந்திருக்க வேண்டும். விரித்துப் பார்த்தாள். கை காலியாக இருந்தது.

தானே வைத்திருப்போம் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் மணிக்கட்டைப் பார்த்தாள். அழுத்தம் எலும்பின் மேல் விழவில்லை. சற்றுத் தள்ளி, சதையில் விழுந்திருந்தது. புதிதாகச் சேர்ந்த பெண்கள் அப்படித்தான் அழுத்துவார்கள், இடம் தெரியாமல்.

யாரிடமும் சொல்லவில்லை. விடுமுறைக்கு வந்த இடத்தில் எதற்கு என்று விட்டுவிட்டாள்.

உச்சியில் சாப்பிட்டார்கள். ஸத்யபாமாவுக்கும் ஸ்ரீப்ரியாவுக்கும் என்று ஷஹனாஸ் தனிப் பாத்திரத்தில் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். "புதுப் பாத்திரம் அக்கா, முட்டை பட்டதில்ல, சத்தியமா," என்றாள். வெயில் வரும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே பனி மேலிருந்து இறங்கி, எதிரே இருந்த மரத்தை எடுத்துக்கொண்டது. பிறகு மரத்துக்கு முன்னால் இருந்த புதரையும்.

"ஏந்திருங்க, போலாம்," என்றாள் ஸத்யபாமா.

இறங்கும்போது ஓசை எல்லாம் அடங்கிவிட்டிருந்தது. பறவை இல்லை, காற்று இல்லை. செருப்பின் உரசல் மட்டும். நெடுநாள் மூடி வைத்த குடத்தைத் திறந்தது போல ஒரு வாசனை, தேங்கிய தண்ணீரின் வாசனை, கூடவே வந்தது.

பாதி வழியில் ஒரு பாறை. ஏறும்போது சுலபமாக இருந்தது. இறங்க, பாறையைப் பார்த்தபடி பின்புறமாகக் கால் வைக்க வேண்டும். நடுவில் ஒருத்தி நிற்க மட்டும் ஒரு படி மாதிரி இடம். கங்கம்மா இறங்கினாள், ஷஹனாஸ் இறங்கினாள். ஸத்யபாமா நடுப்படியில் நின்றுகொண்டாள். முகத்துக்கு எதிரே பாறை. முதுகுக்குப் பின்னால், கீழே, ஷஹனாஸ்.

"ஷஹனாஸ், வாங்கிக்கோ," என்றாள்.

மேலிருந்து ஸ்ரீப்ரியா பைகளை ஒவ்வொன்றாகத் தந்தாள். ஸத்யபாமா வாங்கித் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினாள். மணிக்கட்டில் அழுத்தம். விட்டாள். அடுத்த பை. அழுத்தம். விட்டாள். எலும்பின் மேல், சரியான இடத்தில், சரியான அளவில். லைனில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. அந்தப் பனிக்குள் அதுதான் அவளுக்கு ஒரே தைரியம்.

"நீ வாடி கண்ணா. இடது கையைக் குடு."

ஸ்ரீப்ரியாவின் கை குளிர்ந்துபோய் மேலிருந்து வந்தது. "அத்தை, கீழ ஒண்ணுமே தெரியல."

"ஷஹனாஸ் இருக்கா. அவ பிடிச்சுப்பா."

பெண் பக்கவாட்டில் உரசிக்கொண்டு இறங்கினாள். ஸத்யபாமா அவள் கையைத் தன் பின்னால் கொண்டுபோய் நீட்டினாள்.

மணிக்கட்டில் அழுத்தம்.

விட்டாள்.

பிறகு அவளும் இறங்கினாள். கீழே பைகள் வரிசையாக இருந்தன. எல்லாக் கைப்பிடிகளும் ஒரே பக்கம் திரும்பியிருந்தன, கம்பெனியில் டிரே அடுக்குவது போல.

ஆள் யாரும் இல்லை.

"ஸ்ரீ?"

பனிக்குள், பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "பாமாக்கா! பையை இன்னும் குடுக்காதீங்க, இதோ வந்துக்கினே இருக்கேன்."

ஷஹனாஸின் குரல்.

அவள் கங்கம்மாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். கங்கம்மாவின் முழங்கால் சிராய்த்திருந்தது. "இது வழுக்கிச்சு அக்கா, புடிக்க ஓடினேன். நீங்க கூப்டது கேட்டுச்சு, 'தோ வரேன்'னேனே, கேக்கலியா? ஸ்ரீ எங்க?"

"உன் கையில குடுத்தேன்."

"எங்கிட்டயா?"

"வாங்கிண்டியே. கையை அமுக்கினியே."

ஷஹனாஸின் பார்வை ஸத்யபாமாவின் மணிக்கட்டில் இருந்தது. அங்கே கட்டைவிரல் அகலத்துக்கு ஈரம்.

"தேவுடா," என்றாள் கங்கம்மா, மெல்லிய குரலில். அவள் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டார்கள்.

கூப்பிட்டார்கள். பாறையைச் சுற்றினார்கள். புதர்களை விலக்கினார்கள். ஸத்யபாமாவின் தொண்டை கிழிந்தது. அத்தனை மலைகளுக்கு நடுவே ஒரு எதிரொலிகூட வரவில்லை. குரல் போய், யாரோ வாங்கிக்கொண்டது போல நின்றது. எம்பாரின் வாசல் அவள் கண்முன் வந்தது. என்ன சொல்வாள்? தொலைந்துவிட்டாள் என்றா? நான்தான் கொடுத்தேன் அண்ணா, கேட்காமல் கொடுத்தேன், திரும்பிப் பார்க்காமல் கொடுத்தேன் என்றா?

போன் வேலை செய்யவில்லை. கீழே போய் ஆள் கூட்டி வரலாம் என்று ஷஹனாஸ் அவளை இழுத்துக்கொண்டு இறங்கினாள். மூவரும் கைகோத்து இறங்கினார்கள். ஒவ்வொரு நாலு அடிக்கும் ஒருத்தி பக்கத்தில் இருப்பவள் முகத்தைப் பார்த்துக்கொண்டாள்.

அடிவாரத்தில் பனி இல்லை. வேன் அருகே ரகு பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னாக்கா, அந்தப் பொண்ணைத் தனியா அனுப்பிட்டீங்க?" என்றான். "அது வந்து எவ்ளோ நேரமாச்சு. உள்ள உக்காந்துக்கினு கீது."

ஸ்ரீப்ரியா இருவர் சீட்டில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் பக்கத்தை விட்டிருந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. இடது கை மட்டும் ஜன்னல் பக்கத்து சீட்டின் மேல், உள்ளங்கை மேல்நோக்கி, பாதி மடங்கி இருந்தது.

"அத்தை," என்றாள், அமைதியாக. "ரொம்பப் பதமா அழைச்சுண்டு வந்தா. ஒரு இடத்துலகூட வழுக்கவிடல."

"யாருடி?"

"ஷஹனாஸ் அக்கா இல்லையா?" அவள் ஷஹனாஸைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். முகம் மெல்ல மாறியது. "அத்தை, விடச் சொல்லு."

கங்கம்மா அந்த ஜன்னல் சீட்டில் உட்காரக் குனிந்தாள். உட்காரவில்லை. பின்வாங்கி, டிரைவர் பக்கத்தில் போய் ஏறிக்கொண்டாள். திருவள்ளூர் வரை திரும்பிப் பார்க்கவில்லை.

எம்பார் வாசலில் நின்றிருந்தார். ஸத்யபாமா அவர் மகளின் வலது கையைப் பிடித்து அவரிடம் கொடுத்தாள். "இடது கை குளிர்ல விறைச்சுண்டிருக்கு அண்ணா. சரியாயிடும்," என்றாள்.

சரியாகவில்லை.

எலும்பு டாக்டரும் நரம்பு டாக்டரும் படம் எடுத்துப் பார்த்துக் குறை எதுவும் இல்லை என்றார்கள். விரல்களைப் பிரிக்க முயன்றபோது ஸ்ரீப்ரியா வலிக்கிறது என்று சொல்லவில்லை. "நான் இறுக்கல" என்று மட்டும் சொன்னாள். பிப்ரவரியில் ஒரு பகல் ஸத்யபாமா அவர்கள் வீட்டுக்குப் போனபோது, ஸ்ரீப்ரியாவின் அம்மா கொல்லைப்புறத்தில் பெண்ணின் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். சொம்பிலிருந்து ஊற்றிய தண்ணீர் உள்ளங்கைக்குள் இறங்கவில்லை. விரல்களுக்கு வெளியே, இன்னொரு கையின் அகலத்துக்கு விலகி வழிந்தது. அம்மா அதைப் பார்க்காமல் ஊற்றப் பழகியிருந்தாள்.

"மன்னி, கொஞ்சம் காபி கலந்து தரேளா?" என்று அவளை உள்ளே அனுப்பினாள் ஸத்யபாமா.

ஸ்ரீப்ரியாவின் எதிரில் உட்கார்ந்தாள். வாங்குகிறவள் அழுத்தினால் கொடுக்கிறவள் விட வேண்டும். மலையில் வாங்கிய அந்தக் கை அவர்களிடம் கற்றுக்கொண்டது இதைத்தான். தன் இடது கையால் பெண்ணின் கையைக் கீழிருந்து தாங்கினாள். வலது கையை, அந்த மடங்கிய விரல்களுக்கு அப்பால், காற்றில் கொண்டுபோனாள். அந்தக் கையின் மணிக்கட்டு எங்கே இருக்கும் என்று அவள் விரல்களுக்குத் தெரியும்.

"குடுத்துடு," என்று முணுமுணுத்தாள். "நான் வாங்கிக்கிறேன்."

கட்டைவிரலை அழுத்தினாள்.

விரலுக்கு அடியில் எலும்பு இருந்தது.

குளிர்ந்த, ஈரமான, மெல்லிய எலும்பு. அவள் மறுபடி அழுத்தினாள். ஸ்ரீப்ரியா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. ஸத்யபாமா கண்ணை மூடிக்கொண்டு, வலி எடுக்கும் வரை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

அது விடவில்லை.

மார்ச் மாதம் எம்பார் கம்பெனிக்கு வந்து, மகள் இனி வேலைக்கு வரமாட்டாள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஸ்ரீப்ரியாவின் இடது கை இன்றுவரை விரியவில்லை.