ஏழாவது கேள்வி

புதூர்நாட்டு மலையிலிருந்து சின்னராஜ் ஓட்டிய ஜீப்பில் ஃபரீதாவின் வீட்டுக்கு வந்திறங்கிய செந்தாமரை நாற்காலியில்கூட உட்காரவில்லை.

“டிவி வினாடி வினாவுல ஏழாவது கேள்வி கேட்டதும் மலைல கரண்டு போச்சிம்மா, யாரும் பாக்கல. புளிக்குப் பூர்வீகம் எது? ‘ஆப்பிரிக்கா’ன்னு நான்தான் சொன்னேன், நான்தான் ஜெயிச்சேன். எதிர்ல ஆடுன மணிவேலு, நான் வாயடைச்சி நின்னதாவும் அவரே வெட சொன்னதாவும் கத கட்டிட்டாரு. தபால்ல வரும்னு சொன்ன பரிசும் வரல. முப்பது வருசமா மலையே என்னப் பொய்க்காரிங்குது.”

தொலைக்காட்சிக்காரர்கள் பழைய நாடாக்களை எப்போதோ அழித்துவிட்டார்கள். தொலைந்த நிகழ்ச்சிகளைத் தேடிச் சேர்ப்பதே வாணியம்பாடி ஃபரீதாவின் வேலை. “யார் வூட்ல பதிஞ்சாங்க?” என்று மட்டும் கேட்டார்.

“கீழ திருப்பத்தூர்ல மணிவேலு வூட்லதான் வீடியோ டெக் இருந்துச்சி. வாராவாரம் பதிவாங்க. நான் ஆடுனது கடைசி வாரம்.”

திருப்பத்தூரில் மூவரும் போய் இறங்கிய மணிவேலின் கடைப் பலகை, ‘ஆப்பிரிக்கா புளி மண்டி’ என்றது. திருடின விடைக்குப் பெயிண்ட் வேறயா என்று சின்னராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அதெல்லாம் பூஞ்ச புடிச்சி எரிச்சாச்சிங்க,” என்று சிரித்தார் மணிவேல். “என் கல்யாண கேசட்டு ஒண்ணுதான் மிச்சம். பாக்கறீங்களா?”

ஃபரீதா கேசட்டைத் திருப்பினார். முதுகில் பல் உடைத்த சின்ன ஓட்டை. அதன்மேல் பழுப்பேறிய செலோடேப். கல்யாணம் முடிந்த இடத்தில் நின்றிருந்த நாடாவில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் ஓடாமல் இருந்தது.

“போச்சுக்கா,” என்றான் சின்னராஜ்.

“இரு. மேல எதையும் பதியக்கூடாதுன்னுதான் பல்ல உடைப்பாங்க. அப்ப இதுல காப்பாத்த வேண்டியது ஏதோ இருந்திருக்கு. அப்புறம் ஓட்டைய ஒட்டி, அதும்மேலயே கல்யாணத்தப் பதிஞ்சிருக்காங்க.”

“அதான் அழிஞ்சிருச்சே!” மணிவேலின் குரல் உயர்ந்தது.

“எரிச்சாச்சின்னீங்களே?”

மணிவேல் கேசட்டைப் பிடுங்கக் கை நீட்டினார். ஃபரீதா அதைத் தரவில்லை.

“கல்யாணம் ரெண்டு மணி நேரம், கேசட்டு மூணு மணி நேரம். கடைசி வாரம் கடைசிலதான இருக்கும்? பந்தி முடிஞ்சப்புறம் கல்யாண கேசட்ட எவன் பாக்கறான்?”

ஃபரீதா கூடக் கொண்டுவந்த டெக்கை மடிக்கணினியில் இணைத்து, நாடாவைக் கொஞ்சம் பின்னால் சுற்றி, பிரதி எடுத்தபடியே ஓடவிட்டார். பாயசம் பரிமாறினார்கள். திரை புள்ளி புள்ளியாகப் பொரிந்தது. பிறகு, ரெட்டைச் சடை போட்ட செந்தாமரை நிமிர்ந்து நின்றாள்.

“ஆப்பிரிக்கா!”

“சரியான விடை!”

பக்கத்தில் இளைய மணிவேல் நகம் கடித்துக்கொண்டிருந்தான்.

“மலைக்கு மட்டும் கொண்டுபோவாதம்மா,” என்றார் மூத்த மணிவேல்.

செந்தாமரை கண்ணீரைத் துடைக்காமலே நிமிர்ந்தார்.

“ஞாயித்துக்கெழம பள்ளிக்கூட மைதானத்துல திரை கட்றேன். நீங்களும் வாங்க, முன் வரிசைல உக்காருங்க. சின்னராஜு, ஜெனரேட்டருக்கு இப்பவே சொல்லிடு. இந்தவாட்டி கரண்டு போவக்கூடாது.”